அழைக்கும் வரை வாசலில்



நியூசிலாந்தில் நடைபெற்ற பன்னாட்டுக் கிறிஸ்தவக் கூடுகையில் கலந்துகொண்டு திரும்பியது முதல், "ஐயா, அங்கே என்ன கண்டீர்கள்?" என்று பலரும் கேட்டு வருகிறீர்கள். ரொட்டோருவா ஏரியைப் பற்றியும், அதன் கரையில் வீடுகளுக்கு நடுவே மண்ணைப் பிளந்துகொண்டு எழும் வெந்நீர் ஆவியைப் பற்றியும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். கந்தக வாடை ஊர் முழுவதும் வீசும் என்றதும் அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்று. அதை எழுத இத்தனை வாரங்கள் தயங்கியதற்குக் காரணம், அது முதலாவது என்னையே குற்றப்படுத்துகிறது என்பதுதான்.

நாங்கள் ஏறத்தாழ அறுபது பேர், பல தேசங்களைச் சேர்ந்தவர்கள். இரவெல்லாம் விமானத்தில் கழித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டால் போதும் என்ற நிலையில் பேருந்திலிருந்து இறங்கினோம். எதிரே செதுக்கிய மரத்தாலான ஒரு வாசல். அதற்கு அப்பால் புல்தரை. புல்தரையின் கோடியில் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு பெரிய வீடு. மாவோரி மக்கள் இவ்விடத்தை 'மராயே' என்கிறார்கள். ஒரு குலத்தார் கூடவும், துக்கம் கொண்டாடவும், விருந்தினரை ஏற்கவும் உரிய முற்றம் அது. வாசல் திறந்தே இருந்தது. ஆனாலும், "அழைக்கும் வரை உள்ளே போகாதீர்கள்" என்று எங்களை வழிநடத்தியவர் சொல்லிவிட்டார்.

அரை மணி நேரம் நின்றோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. நம் ஊரில் ஒரு ஆயர் வெளியூர்ச் சபைக்குப் போனால் வாசலிலேயே மாலையோடு காத்திருப்பார்கள். நானோ பையில் நான்கு பொன்னாடைகளை வைத்துக்கொண்டு, யாருக்குப் போர்த்துவது என்று யோசித்தவாறு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது ஈட்டி போன்ற ஆயுதம் ஏந்திய ஓர் இளைஞர் உள்ளிருந்து வந்தார். அவருடைய கண்கள் எங்களைவிட்டு நீங்கவில்லை. எங்களுக்கு முன்பாக ஒரு சிறு பொருளைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். எங்கள் குழுவின் தலைவர் முன்னே சென்று, அவரைப் பார்த்தபடியே குனிந்து அதை எடுத்தார். எடுத்தால் சமாதானமாய் வந்திருக்கிறோம் என்று பொருள். நீ யார், எதற்காக வந்தாய், சமாதானத்தோடு வந்தாயா என்ற கேள்வி ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்கப்பட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பதிலளிக்கப்பட்டது. பெத்லெகேமின் மூப்பர்கள் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் நடுக்கத்தோடு கேட்டதும் இதே கேள்விதான் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நாம் விருந்தினரிடம் அதைக் கேட்பதில்லை. புன்னகைத்துவிட்டு, பின்பு வீட்டுக்குள் போய்ச் சந்தேகப்படுகிறோம்.

அதன் பிறகுதான் அழைப்பு வந்தது. அந்தப் பெரிய வீட்டின் முன்னிருந்து, கறுப்பு உடை அணிந்த ஒரு மூதாட்டி குரல் எழுப்பினார். அது பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. நம் கிராமங்களில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நீட்டலும் நடுக்கமும் புரியும். 'கரங்கா' என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்திலிருந்து, எங்களுக்குத் துணையாக நின்ற ஒரு மாவோரி சகோதரி பதில் குரல் கொடுத்தார். இரண்டு பெண்களின் குரல்களுக்கு நடுவே, பெண்கள் முன்னும் ஆண்கள் பின்னுமாக நாங்கள் மெதுவாக நடந்தோம். பெண்ணின் குரல் முதலில் ஒலிக்காமல் அந்த முற்றத்தில் வரவேற்பு தொடங்குவதே இல்லை. (அதற்குப் பின் நடக்கும் உரைகளை, பெரும்பாலான குலங்களில் ஆண்களே ஆற்றுகிறார்கள். அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. நான் கண்டதையெல்லாம் பொன்னாக்கிச் சொல்ல விரும்பவில்லை.) உயிர்த்தெழுந்த ஆண்டவரின் செய்தியை முதலில் சுமந்து சென்றவள் மகதலேனா மரியாள் என்று ஒவ்வொரு ஈஸ்டரிலும் பிரசங்கிக்கிறோம். நம் ஆலய வாசலில் வரவேற்க நிற்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

முற்றத்தின் நடுவில் எல்லாரும் நின்றார்கள். ஏன் என்று தெரியாமல் நானும் நின்றேன். பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார்: "உங்கள் மரித்தோரையும் எங்கள் மரித்தோரையும் நினைக்கிறோம். அந்த அம்மா அவர்களையும் சேர்த்துத்தான் அழைத்தார்."

என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடக்க ஆராதனையை நடத்திவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லி, மறுவாரமே பிரசங்க பீடத்தில் ஏறிவிட்ட எனக்கு, நின்று அழ ஒரு இடம் கிடைத்திருக்கவில்லை. பூமியின் மறுகோடியில், என் மொழி அறியாத ஒரு பெண், என் தாயின் பெயர்கூடத் தெரியாமல், "உன்னோடு யாரை நினைவில் சுமந்து வந்தாயோ அவர்களோடே வா" என்று அழைத்திருக்கிறார். அந்த இடத்தில் நின்று அழுதேன்.

நீங்கள் கேட்கக்கூடியதை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன். மரித்தோரை நோக்கிப் பேசுவது நமக்குத் தகுமா? நாம் மரித்தோரிடம் ஜெபிப்பதில்லை; அன்றும் நான் ஜெபிக்கவில்லை. அங்கே கூடியிருந்த மாவோரி கிறிஸ்தவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. இரண்டு நூற்றாண்டுகளாக அவர்கள் அதைச் சுமந்து, எதைக் கைவிடுவது, எதைக் கிறிஸ்துவின் காலடியில் வைத்துத் திரும்பப் பெற்றுக்கொள்வது என்று ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் விருந்தினனாய் நின்றவன் அவர்களுக்குத் தீர்ப்பளிப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் லாசருவின் கல்லறையருகே கண்ணீர்விட்ட ஆண்டவர், நான் என் தாயை நினைத்து அழுததற்காக என்னைக் கடிந்துகொள்வார் என்றும் நான் நம்பவில்லை.

பின்பு உரைகள், ஒவ்வொரு உரைக்கும் பின்னே ஒரு பாட்டு. எங்கள் முறை வந்தபோது அறுபது பேருக்கும் பொதுவாக ஒரு பாட்டு இல்லை. யாரோ ஒரு பழைய ஞானப்பாட்டின் மெட்டைத் தொடங்க, அவரவர் மொழியில் பாடி ஒருவாறு கரையேறினோம். நாங்கள் கொண்டுவந்த காணிக்கை ஒரு உறையில் தரையில் வைக்கப்பட்டது. எவ்வளவு என்று யாரும் அறிவிக்கவில்லை. நம் சபைகளில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் கொடுத்தவர் பெயர் சுழல்வதை எண்ணி எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதன்பின் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தோம். கைகளைப் பற்றி, நெற்றியும் மூக்கும் தொட, இருவரும் ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்வது அங்குள்ள வழக்கம். 'ஹொங்கி' என்பது அதன் பெயர். மண்ணால் உருவாக்கப்பட்ட முதல் பெண்ணின் நாசியில் உயிர்மூச்சு ஊதப்பட்டது என்ற மாவோரி மரபுக் கதையோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை அறிந்த நமக்கு அது வேற்றுச் செய்தியாகப் படாது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து தம்முடைய சீஷர்கள்மேல் ஊதியதையும் யோவான் எழுதியிருக்கிறார். ஆயினும் அந்த நேரத்தில் என் மனதில் இறையியல் எதுவும் ஓடவில்லை. முன்பின் அறியாத ஒரு முதியவரின் முகம் அவ்வளவு அருகில் வருகிறபோது, அவருடைய பதவியும் தெரிவதில்லை, நிறமும் தெரிவதில்லை, சுவாசம் மட்டுமே தெரிகிறது. பல நூறு பேருக்குக் கைகுலுக்கியிருக்கிறேன். கை குலுக்கும்போது கண்ணை அடுத்த ஆள்மேல் வைக்க முடியும். இதில் அது முடியாது.

கடைசியாக உணவு. சாப்பிட்ட பின்புதான் சடங்கின் கட்டு நீங்குகிறது, அதன் பிறகு விருந்தினர் அந்நியர் அல்ல. எங்களுக்குப் பரிமாறியவர்களில் ஒருவர், காலையில் கறுப்பு உடையில் அழைத்த அதே மூதாட்டி. அன்று மாலை பாத்திரம் துடைக்கத் துணியை எடுத்துத் தந்து, என்னையும் சமையலறைக்குள் அனுப்பிவிட்டார்கள். என் பொன்னாடைகள் பையிலேயே இருந்தன.

பிரியமானவர்களே, இந்த வரவேற்பு நியூசிலாந்து திருச்சபையின் வரலாற்றுக்குப் புறம்பானது அல்ல, அதன் அடித்தளமே இதுதான். 1809ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குச் சென்ற ஒரு கப்பலில் ருவாட்டாரா என்னும் மாவோரி இளந்தலைவர் நோயுற்றுக் கிடந்தார். அரசரைக் காணலாம் என்ற ஆசையில் கடல் கடந்தவர், ஏமாற்றப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அதே கப்பலில் இருந்த சாமுவேல் மார்ஸ்டன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அவரைப் பேணித் தம்முடைய இல்லத்தில் தங்கவைத்தார். பின்பு 1814ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், ஓய்ஹி கடற்கரையில் மார்ஸ்டன் பிரசங்கித்தபோது, நிலத்தில் வேலியிட்டு, பழைய படகின் பலகையால் பிரசங்க பீடம் அமைத்து, தம் மக்களைக் கூட்டி, மொழிபெயர்த்தும் சொன்னவர் ருவாட்டாரா. கேட்டவர்கள் புரியவில்லை என்றபோது, போகப் போகப் புரியும் என்றாராம். அடுத்த சில மாதங்களில் அவர் மரித்துப்போனார். நற்செய்தியை மிஷனெரிகள் கொண்டுபோனார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே வர இடம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மார்ஸ்டனின் பணிக்குப் பின்னால் இருந்தது சர்ச் மிஷனெரி சங்கம். அதே 1814ஆம் ஆண்டில், அதே சங்கத்தின் ஊழியராக ரேனியஸ் ஐயர் சென்னையில் வந்திறங்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களையும், அவரைத் தங்கள் திண்ணையில் உட்கார வைத்தவர்களையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாவோரி மக்களின் வரவேற்புக்குக் கிடைத்த பதில் எப்போதும் நன்றாக இருந்ததில்லை. 1840இல் வைட்டாங்கியில் உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த தலைமுறைக்குள்ளாகவே பெருமளவு நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. தாரனாக்கி மலையடிவாரத்தில் பரிஹாக்கா என்னும் ஊர் இருக்கிறது. வேதாகமத்தை ஆழமாகக் கற்ற டெ ஃபிட்டி என்பவரும் டோஹு என்பவரும் அங்கே மக்களை வழிநடத்தினார்கள். பறிக்கப்பட்ட நிலத்தில் ஆயுதமின்றி ஏர் பூட்டி உழுவதே அவர்களுடைய எதிர்ப்பு. உழுதவர்கள் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். 1881 நவம்பர் 5ஆம் நாள், ஏறத்தாழ 1,600 படையினர் பீரங்கியோடு அவ்வூருக்குள் நுழைந்தார்கள். அவர்களை எதிர்கொண்டவர்கள் பாடிக்கொண்டிருந்த சிறுபிள்ளைகள். பெரியவர்கள் முற்றத்தில் அமைதியாய் அமர்ந்திருந்தார்கள். படையினருக்குக் கொடுக்க ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். தலைவர்கள் கைதானார்கள், மக்கள் துரத்தப்பட்டார்கள், வீடுகளும் பயிர்களும் அழிக்கப்பட்டன. அரசு அவ்வூருக்கு முறையாக மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் குரலில் கசப்பு இல்லாமல் இல்லை. நான் அதைக் குறிப்பிடாமல் விட்டால் பொய் சொன்னவனாவேன். அந்தக் கசப்போடேயே அவர்கள் எங்களை வாசலில் அழைத்தார்கள். ஏரிக்கரையில் உள்ள புனித ஃபெயித் ஆலயத்தில் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதில் கிறிஸ்து மாவோரி தலைவரின் மேலாடை அணிந்து நிற்கிறார். உள்ளே அமர்ந்து பார்த்தால், பின்னாலுள்ள ரொட்டோருவா ஏரியின்மேல் அவர் நடந்து வருவதுபோலத் தெரியும். நிலத்தை இழந்தவர்களின் ஆடையில் அவர் வருகிறார். அந்த ஜன்னலுக்கு முன்னால் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், நம் ஆலயத்தின் வலப்பக்கக் கடைசி வரிசை எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வேறொரு மாவட்டத்திலிருந்து பணி மாற்றலாகி வந்த ஒரு குடும்பம், கணவர், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், பதினோரு மாதங்கள் அந்த வரிசையில் உட்கார்ந்து ஆராதித்தார்கள். முதல் ஞாயிறு, "புதிதாய் வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றோம், எழுந்தார்கள், கைதட்டினோம். அதன்பின் ஒவ்வொரு வாரமும் வாசலில் நான் அவர்களுக்குக் கைகுலுக்கினேன். மீண்டும் மாற்றலாகி, சபை மாற்றக் கடிதம் பெற என் இல்லத்துக்கு வந்தார்கள். எழுதுகோலை எடுத்துக்கொண்டு, "உங்கள் பெயர்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா மெல்லச் சிரித்தார். பிறகு சொன்னார்: "பரவாயில்லை ஐயா. இந்த வருஷம் எங்க அம்மா தவறிட்டாங்க. ஊருக்குப் போய் அடக்கம் பண்ணிட்டு அடுத்த ஞாயிறு இங்கேதான் வந்து உட்கார்ந்தேன். யாரும் கேட்கல. நானும் சொல்லல."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஜெபித்து அனுப்பியிருப்பேன். அந்நிய மண்ணில் என் தாய்க்காக ஒரு குரல் எழும்பியபோது, நான் அழுதது என் தாய்க்காக மட்டும் அல்ல.

நாம் புதியவர்களிடம் ஒன்றுமே கேட்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. "எந்த ஊர்? எந்தத் தெரு? யாருடைய மகன்?" என்று கேட்கத்தான் செய்கிறோம். மாவோரி மக்களும் கேட்கிறார்கள். உன் மலை எது, உன் ஆறு எது, உன் முன்னோர் யார் என்று சொல்லித்தான் ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். எங்கேயாவது இருவருக்கும் ஒரு உறவு இழை கிடைக்காதா என்று தேடுவதற்கே அவர்கள் கேட்கிறார்கள். நாம் எதற்காகக் கேட்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்தே கடைசி வரிசையைத் தெரிந்துகொள்கிறவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடம் கொடுப்பதைக் குறித்து யாக்கோபு எழுதியது நமக்காகவும்தான். சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக 1799இல் முதலூர் என்ற ஊரையே உருவாக்கிய திருநெல்வேலித் திருச்சபையின் பிள்ளைகள் நாம். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட ஏன் இவ்வளவு தயக்கம்?

சேகரக் கமிட்டியில் மூன்று காரியங்களை முன்வைத்திருக்கிறேன். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்துவோம். ஆராதனைக்குள் பொன்னாடை போர்த்துவதை, பேராயர் வந்தாலும், நிறுத்துவோம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பின் எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து சாப்பிடுவோம். அசனப் பண்டிகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை அண்டா அண்டாவாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஐம்பது பேருக்கு உப்புமா செய்வது பெரிய காரியம் அல்ல. முதல் இரண்டுக்கும் எதிர்ப்பு வந்திருக்கிறது. மரியாதை தெரியாத சபை என்பார்கள் என்று ஒரு மூப்பர் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தில் நேர்மை இருக்கிறது, மரியாதை நல்ல பண்புதான். ஆனால் அரை மணி நேரம் என்னை வெயிலில் நிற்க வைத்தவர்கள் எனக்குச் செய்த மரியாதையை, இத்தனை ஆண்டுகளில் என் தோளில் விழுந்த சால்வைகள் எல்லாம் சேர்ந்தும் செய்யவில்லை. மாவோரி மக்களின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவர்களுடையது. நாம் மூக்கோடு மூக்கு வைத்தால் வேடிக்கையாகிவிடும்.

கமிட்டி முடிவெடுக்கும் வரை, என்னால் செய்யக்கூடியதை நான் செய்கிறேன். வருகிற ஞாயிறு முதல், ஆசீர்வாதம் கூறிய பின் வாசலில் நின்று கைகுலுக்க மாட்டேன். அங்கே மாதர் ஐக்கியச் சகோதரிகள் இருவர் நிற்பார்கள். நான் வலப்பக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் பெயரையும், இந்த ஆண்டு யாரை இழந்தீர்கள் என்பதையும் கேட்பேன். அந்தக் குடும்பத்துக்குக் கடந்த வாரம் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்